இன்னொரு தடவை சொல்றேன்

“எனக்கும் என் மனைவிக்கும் ஒரு வீடு வேணும்மா,” என்றான் லாமார்.

அவனுக்கு மனைவி இல்லை. வீடும் தேவையில்லை. அவன் நகரத்தின் குடிமை உரிமைத் துறை அனுப்பிய ஆள். வெள்ளையர் கேட்டால் காலியாக இருக்கிற வீடு, கறுப்பர் கேட்டால் மட்டும் நிரம்பிவிடுகிறதா என்று பார்த்து வருவது வேலை. காலையில் இதே வாசலுக்கு ஒரு வெள்ளை இளைஞனை அனுப்பியிருந்தார்கள். அவனுக்கு மூன்றாம் மாடியில் வீடு இருந்தது.

இப்படிப் பார்த்துவரப் போகிறவனிடம் புகார் கொடுத்தவர் யாரென்று சொல்லமாட்டார்கள். அது விதி. அங்கே என்ன கேட்க நேர்ந்தாலும் எதிர்த்துப் பேசக் கூடாது. அதுவும் விதி.

“சிரிச்சுக்கிட்டே ‘இப்பத்தான் போச்சு’ன்னு அனுப்பிடுவாங்க கண்ணு,” என்று சொல்லியிருந்தாள் அவனை அனுப்பிய அதிகாரி ஒடெஸா. “அந்தச் சிரிப்பை விசாரணையில காட்ட முடியுமா? இந்தக் கட்டடத்து மேல வந்த பழைய புகாரெல்லாம் அப்படித்தான் செத்துச்சு. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லணும். இந்தத் தடவையும் இல்லைன்னா கேஸை மூடிடுவாங்க.”

அந்த ஒரு வார்த்தைக்காக அவன் சட்டைப் பையில் ஃபோன் ஒலிப்பதிவில் ஓடிக்கொண்டிருந்தது.

கட்டடத்தின் மேலாளர் வாண்டா குடியிருந்தது பேஸ்மென்ட்டில். கூரை தலையைத் தொட்டது. கம்பி போட்ட ஒரே ஜன்னலில், பனியை மிதித்துப் போகிற பூட்ஸ்கள் மட்டும் தெரிந்தன. மூலையில் சலவை இயந்திரம் கடகடத்தது, பக்கத்தில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. உள்ளறையில் யாரோ இருமினார்கள்.

“என் வீட்டுக்காரர். ஆக்சிஜன் மாட்டியிருக்கு,” என்றாள் வாண்டா. “இந்தப் பொந்து வேலையோட சேர்ந்து வந்தது. வேலை போனா இதுவும் போச்சு.”

அவள் எழுந்து போய் இயந்திரத்தை நிறுத்தினாள். ரேடியோவையும் அணைத்தாள். பிறகு அவனுக்கு நேரெதிரே வந்து நின்றாள்.

“வீடு இருக்கு. உங்களுக்குக் கிடையாது.”

“ஏம்மா?”

“நீங்க கறுப்பர். கறுப்பங்களுக்கு வீடு குடுக்கக் கூடாதுன்னு முதலாளி உத்தரவு. கிரென்வால்ட். அவர்தான் முதலாளி.”

லாமாருக்குக் காது சுட்டது. பலமுறை பல வாசல்களில் நின்றிருக்கிறான். இத்தனை பச்சையாக யாரும் சொன்னதில்லை. கதவு முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. ஆனாலும் அவள் முடிக்கும்வரை நகர முடியாது. வாயையும் திறக்க முடியாது.

“புரிஞ்சுதா?”

“புரிஞ்சுதும்மா.”

“பரவாயில்ல, இன்னொரு தடவை சொல்றேன்.”

சொன்னாள். முதலாளியின் பெயரோடு, நிறுத்தி நிதானமாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல. அவன் முகத்தைப் பார்க்காமல் சட்டையைப் பார்த்துச் சொன்னாள்.

“வாண்டா, யாரு அது?” உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

“யாருமில்ல. நீ படு.”

அவன் வெளியே வந்து, பனியில் நின்று, மூச்சை ஒழுங்காக்கிக்கொண்டான். ‘யாருமில்ல’ என்ற சொல் கூடவே வந்தது.

ஒடெஸா பக்கத்துத் தெருவில் தேவாலய வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள். இலவச உணவுப் பைக்காக நின்ற வரிசையில் எல்லா நிறத்தவரும் இருந்தார்கள். துறையின் ஃபோன் நம்பர் அச்சிட்ட ஃப்ரிட்ஜ் காந்தத்தை ஒவ்வொருவர் கையிலும் வைத்துக்கொண்டிருந்தாள்.

“போன வாரமும் இதேதான் குடுத்தீங்க மிஸ் ஒடெஸா,” என்றார் ஒரு பெரியவர். “ஃப்ரிட்ஜுக்கு வெளிய ஒட்ட நிறைய இருக்கு. உள்ள வைக்கத்தான் ஒண்ணுமில்ல.”

வரிசை சிரித்தது. லாமார் சிரிக்கவில்லை. பதிவைப் போட்டு அவளிடம் நீட்டினான். அவள் ஃபோனைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டாள்.

“போதும் கண்ணு. கேஸ் ஜெயிச்சிடும்.”

“ஜெயிச்சா மட்டும் போதாது. ரெண்டு தடவை சொல்றா, கேட்டீங்கல்ல? ரசிச்சுச் சொல்றா. முதலாளி அபராதத்தைக் கட்டிட்டுப் போயிடுவான். அந்தப் பொம்பளையை முதல்ல தெருவுல நிறுத்தணும்.”

“நிறுத்தினாலும் நிறுத்துவான் கிரென்வால்ட்,” என்றாள் ஒடெஸா. “அது அவங்களுக்கும் தெரியும்.”

“தெரியட்டும்.”

அவள் வாக்குமூலத் தாளை எடுத்து வைத்தாள். நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டான். அத்துடன் அவன் வேலை முடிந்தது. எழுந்தவன் மேசையிலிருந்த காந்தம் ஒன்றை எடுத்துப் புரட்டினான்.

“இதையெல்லாம் குப்பையிலதான் போடுறாங்க மிஸ் ஒடெஸா. இதைப் பார்த்து எவனாவது கூப்பிட்டிருக்கானா?”

“கூப்பிட்டாங்க. இந்த வரிசையில நின்னு ஒண்ணு வாங்கிட்டுப் போனவங்கதான். இந்தப் புகாரே அப்படி வந்ததுதான்.” தாளை மடித்து உறையில் போட்டாள். “கையெழுத்து ஆயிடுச்சு. இனி உன்கிட்ட சொல்லலாம்.”

“யாரு?”

“வாண்டா.”