முழுக்கு

வந்தவருக்குச் சதீஷ் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

செல்லதுரை அண்ணாச்சி பஸ் மாறி மாறி மலையேறி வண்டன்மேட்டுக்கு வந்திருந்தார். இருவரும் ஒரே அணுசக்தி நீர்மூழ்கியில் வேலை பார்த்தவர்கள். கடற்படை இப்போது அந்தக் கப்பலுக்கு விடை கொடுக்கிறது. விழா அழைப்பிதழை அவர் பெஞ்சின்மேல் வைத்தார்.

அதன் பின்பக்கம் கப்பலின் சேவை வரலாறு. சுற்றிய கடல்கள், வாங்கிய பாராட்டுகள். கடைசி வரி: பணிக்காலத்தில் ஓர் உயிரிழப்பும் இல்லை.

சதீஷ் அதை உரக்கப் படித்துவிட்டுச் சிரித்தான். "அப்ப எங்கப்பா கணக்குல இல்ல. அப்படித்தான அண்ணாச்சி?"



அப்பா பிச்சைமணி ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் சுருண்டு விழுந்து செத்தபோது மகன் கடலுக்கடியில் இருந்தான். கரையேறும்வரை வீட்டுச் சாவை மாலுமிக்குச் சொல்லக்கூடாது என்பது கப்பலின் விதி. செய்தியை வாங்கியவர் வயர்லெஸ் அறையிலிருந்த அண்ணாச்சி. வாங்கி, கேப்டனிடம் கொடுத்துவிட்டு, அதன்பிறகும் சதீஷோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்.

"அன்னைக்குக் கப்பல்ல, நாறுதடேன்னு இழுத்துட்டுப் போயி எந்தலையில தண்ணி ஊத்துனீங்களே. அதச் சொல்ல வந்த வாயி இதச் சொல்ல வரலியா?"



உள்ளேயிருந்து ராமுத்தாய் வந்தாள். மகனுக்கு இருந்த கோபம் அவளுக்கு இல்லை. வேறொரு குறைதான் அவளை இத்தனை வருஷமும் அரித்துக்கொண்டிருந்தது.

"பெத்த அப்பனுக்குத் தல முழுகாத புள்ளையாப் போயிட்டானே, தம்பி."

அண்ணாச்சி தன் கைகளைப் பார்த்தார்.

"முழுகுனாம்மா. தெக்கு பாத்து நிக்க வச்சு நாந்தான் ஊத்துனேன்."

கடலுக்கடியில் யாருக்கும் திசை தெரியாது. தண்ணீரை அளந்து கொடுத்த அந்த நாளில், இவர் கண்ட்ரோல் அறைக்குப் போய் எதையோ விசாரித்துவிட்டு வந்தார். சதீஷின் தோளைப் பிடித்து, ஆண்டெனாவைத் திருப்புவதுபோல் மெல்லத் திருப்பினார். தன் பங்குத் தண்ணீரையும் சேர்த்து மூன்று முறை ஊற்றினார். கிறுக்கு அண்ணாச்சி என்று அதை அவன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

அழைப்பிதழ் வைத்த இடத்திலேயே கிடந்தது. அதை அவன் தொடவில்லை.

உள்ளே போய், செம்பு நிறையத் தண்ணீர் மொண்டு வந்து, இரண்டு கையாலும் நீட்டினான்.