முனாஸின் ஹலோ

மூன்றாவது அறைக்குள் போவதற்குச் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள்.

ஸ்பீக்கர் கேட்கவும் செருப்புக் கழற்ற வேண்டுமா என்று எனக்கு எரிச்சல் வந்தது. இருபத்திரண்டு வருடமாக ஏறாவூரில் ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறவன் நான். கல்யாண வீடு, கந்தூரி, எலெக்சன் மேடை என்று எல்லா இடத்துக்கும் சேற்றுக்காலோடுதான் பெட்டி தூக்கியிருக்கிறேன்.

கண்காட்சி பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில். முதல் அறையில் இருந்த ஸ்பீக்கர் வெறும் சளசளப்பு. இரண்டாவது அறையில் பாடினவளுக்கு மூக்கடைத்துத் தடிமன் பிடித்திருந்ததுபோல் கேட்டது. இந்த விலைக்கு இவ்வளவுதானா என்று நினைத்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

என்னோடு வந்தவள் என் தங்கச்சி ஸுஹைனா. அண்ணன் என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவாள். புருஷன் மௌத்தாகி, நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இத்தா இருந்து முடித்து ஆறு மாதம். கைப்பைக்குள் ஒரு பென் ட்ரைவ் வைத்திருந்தாள்.

அவள் புருஷன் முனாஸ் கடைசியாகப் பதிந்த சத்தம் அதில் இருந்தது. என் கடையில்தான் அவனுக்கு வேலை. வாவி மீன்களின் சத்தம் வேண்டுமென்று கொழும்பில் யாரோ கேட்டார்களாம். மைக்குக்குப் பொலித்தீன் சுற்றித் தண்ணீருக்குள் இறக்கியிருக்கிறான். மறுநாள் தோணி மட்டும் கரை ஒதுங்கியது. கவிழவில்லை. ரெக்கோடர் உள்ளேயே இருந்தது. முனாஸை மூன்றாம் நாள்தான் எடுத்தோம்.

தனியாகப் போய் விழுந்துவிட்டான் என்று விசாரணை முடிந்தது. அன்றைக்கு நான் செங்கலடியில் ஒரு கல்யாண வீட்டில் நின்றதாக எழுதிக் கொடுத்தேன்.

ஸுஹைனா ஒருத்திதான் ஒப்புக்கொள்ளவில்லை.

“தோணி வலிக்கத் தெரியாத மனிசன் தனியா எப்பிடிக் காக்கா நடு வாவிக்குப் போற?”

பத்து மாதமாக இதே கேள்வி. அந்தப் பதிவை ஃபோனில் போட்டுப் போட்டுக் காதில் வைத்துக்கொண்டிருப்பாள். தொடக்கத்தில் முனாஸ் “ஹலோ” என்பான். மைக்கைக் கண்டால் அவனுக்கு அது வந்துவிடும். இந்தத் தொழிலில் ஆளுக்கொரு பழக்கம். ஒருத்தன் ஊதுவான், ஒருத்தன் ஒன்று, இரண்டு எண்ணுவான். அந்த ஹலோவுக்குப் பிறகு வெறும் தண்ணீர்தான். நானும் கடையில் குழாய் ஸ்பீக்கரில் பூட்டிக் கேட்டுப் பார்த்தேன். ஒரு தரமல்ல.

நல்ல ஸ்பீக்கரில் போட்டால் கூட இருந்தவன் யாரென்று தெரிந்துவிடும் என்பது அவள் நம்பிக்கை. சொந்தப் பதிவு கொண்டுவரலாம் என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். கூட்டிப்போ என்று நின்றாள். கூடப்பிறந்தவளிடம் மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

மூன்றாவது அறையில் இரண்டு ஸ்பீக்கர்கள் ஆள் உயரத்துக்கு நின்றன. ஜன்னல்களுக்குக் கனத்த திரை போட்டிருந்தார்கள். கடல் பக்கத்திலேயே இருந்தும் அலைச்சத்தம் இல்லை. கம்பனிக்காரர் ஹில்மி, மரியாதையான மனிதர், பென் ட்ரைவை வாங்கிப் பூட்டினார்.

“ஹலோ.”

யா அல்லாஹ், முனாஸ் அறைக்குள்ளே நின்றான். அவன் எச்சில் விழுங்கியதுகூடக் கேட்டது. ஸுஹைனா முக்காட்டின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தொழில்காரனாகச் சொல்கிறேன், அந்த ஸ்பீக்கரில் குற்றம் சொல்ல இடமில்லை. தோணிப் பலகை முனகியது. எங்கோ ஒரு நீர்க்காகம் சிறகடித்தது. பொலித்தீன் கசங்கியது. அதற்குப் பிறகு, ஃபோனிலும் என் குழாயிலும் ஒருநாளும் வராத கனத்த சத்தம் ஒன்று வந்தது. காதைவிட வெறுங்காலுக்குத்தான் அது முதலில் தெரிந்தது.

டும் டும். கொஞ்சம் விட்டு, டும்.

“என்ன காக்கா அது?”

“மீன் வந்து மைக்கில முட்டுது, புள்ள.”

இருக்கலாம் என்று ஹில்மியும் தலையாட்டினார். பிறகு தண்ணீர், மீன்களின் கொறுகொறுப்பு, திரும்பவும் தண்ணீர். பதினோராவது நிமிடத்தில் மைக் வயர் இழுபட்டுப் பதிவு அறுந்தது. வேறு யாருடைய குரலும் வரவில்லை.

ஸுஹைனா அழவில்லை. பென் ட்ரைவை வாங்கிக் கைப்பைக்குள் போட்டு மூடினாள்.

“சரி காக்கா. அவர் தனியாத்தான் போயிருக்கார்” என்றாள்.

பத்து மாதம் நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இனி இவள் கேட்க மாட்டாள். முனாஸ் என்னை விட்டுத் தனிக்கடை போடப் போனதும், அதில் எங்களுக்குள் வந்த வாய்த்தர்க்கமும் இனி யாருக்கும் தேவையில்லை. அவள் வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினாள்.

நானும் எழும்பினேன். ஹில்மி விடவில்லை.

“சேர், இந்தப் பக்கத்தில தொழில் தெரிஞ்சவர் நீங்கதான். கேட்டது எப்பிடியிருந்தது எண்டு ரெண்டு வார்த்தை சொல்லுங்க.”

மைக்கைக் கையில் தந்தார். அதே ஸ்பீக்கர்களில்தான் அது பூட்டியிருந்தது. அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் என்னையே பார்த்தார்கள். பொய் சொல்வானேன், பெருமையாகக்கூட இருந்தது. சுத்தமான சத்தம் என்று தொடங்கலாம் என நினைத்தேன்.

வாய் திறக்க முன்னமே விரல் மைக்கைத் தட்டித் தன் வேலையைச் செய்துவிட்டது. இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

டும் டும்.

கொஞ்சம் விட்டு, டும்.

வாசலில் ஸுஹைனா ஒரு காலில் செருப்பை மாட்டியிருந்தாள். மற்றக் கால் இன்னும் வெறுந்தரையில் இருந்தது. மற்றச் செருப்பை எடுக்காமல் திரும்பி என் விரலைப் பார்த்தாள்.