விசிறி நுனியில் சிவப்பு

ஆலையின் ராட்சத விசிறிக்கு எதிரே, வட்டச் சட்டம் நிறைய மைக்குகள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கின்றன. சத்தம் எங்கே பிறக்கிறது என்பதைக் கணினித் திரை படமாகவே காட்டுகிறது: இறக்கைகளின் நுனியெல்லாம் ரத்தச் சிவப்பு. "வண்ண அளவுகோலை ஏத்திவிட்டு அதை நீலமாக்கிடுங்கம்மா," என்று காதுமூடியை அழுத்திக்கொண்டு கத்துகிறார் மேலாளர். அளக்க வந்தவள் பல்லைக் கடிக்கிறாள். "காய்ச்சலடிச்சா தர்மாமீட்டரை ஐஸ்ல முக்குவீங்களா சார்?" மேலாளர் முகம் கறுத்து, விசிறியை நிறுத்தும்படி அதை இயக்குபவருக்குச் சைகை காட்டுகிறார். இறக்கைகள் ஓய்ந்ததும் தகரக் கூரையில் காக்கை நடப்பதுகூடக் கேட்கிறது. மேலாளர் காதுமூடியைக் கழற்றுகிறார். "வருஷக்கணக்கா இதுக்குப் பக்கத்துலயே நிக்கிறாரு இவரு. ஒரு நாளாவது குறை சொல்லியிருக்காரா? நீங்களே கேளுங்க." வெறுங்காதோடு நிற்கும் விசிறிக்காரர் உள்ளங்கையைக் காதோரம் குவித்து, அவள் வாயையே பார்க்கிறார். "என்னம்மா சொல்றாரு?"