பயிற்சி அழைப்பு

“கட் பண்ணிடாதீங்கக்கா! தயவுசெஞ்சு சொல்றதைக் கேளுங்க!” தேன்மொழியின் கைப்பேசிக்குள்ளிருந்து ஒருவன் கெஞ்சினான். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் மண்டபத்தில் இருந்த அத்தனை பெண்களுக்கும் கேட்டது. ராசம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ராசம்மாவுக்குச் சிரிக்க உரிமை உண்டு. யோங் பெங் டவுனிலிருந்து உள்ளே தள்ளி, செம்பனை மரங்களுக்கு நடுவே கிடக்கிற அந்தத் தோட்டத்தில் கைப்பேசிக்கு டவரே கிடையாது. மண்டபக் கூரையில் சேட்டிலைட் தட்டு ஏறி, முதன்முதலாக இணையம் எட்டிப் பார்த்த வாரமே, போலீஸ் என்று சொன்ன எவனோ ஒருத்தனிடம் தன் இபிஎஃப் ஓய்வுக்காலச் சேமிப்பைப் பறிகொடுத்தவள் அவள். சூடு கண்ட பூனை.

அதனால்தான் இந்தப் பயிற்சியே. தட்டைப் பொருத்திய நிறுவனம் செனாயிலிருந்து லோஷினியை அனுப்பியிருந்தது. “எங்க ஆபீஸ் உபைத்தைப் போன தடவையே தெரியுமே. இன்னிக்கும் அவன்தான் ஸ்கேமர் மாதிரி உங்க போனுக்குக் கூப்பிடுவான். யாருக்கு, எப்பன்னு சொல்ல மாட்டேன். ஏமாறாதவங்க பாஸ்!” என்று வந்தவுடனேயே சொல்லிவிட்டாள்.

தேன்மொழி பாஸாகியே தீர வேண்டும். மண்டபத்து இணையத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அவளைத்தான் நினைத்திருந்தார்கள். போன தடவை உபைத் அழுது நடித்ததும், ஐயோ பாவம் என்று இளகி, வங்கியின் ரகசிய எண்ணைச் சொல்லிக் கோட்டைவிட்டிருந்தாள்.

“இன்னிக்காவது கல்லு மாதிரி இரு புள்ள,” என்று காலையில் புருஷன் விஜயன் சொல்லிவிட்டுத்தான் லோரியை எடுத்தான். “உனக்கு வேலை கெடைச்சா இந்த மாசத்தோட லோரிக்கு முழுக்கு. தூக்கமே இல்லாம ஓட்ட முடியல.”

இப்போது அழைப்பு வந்துவிட்டது. மண்டபமே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“யாரு நீங்க?” என்றாள் தேன்மொழி.

“ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேன்கா, நர்ஸு. உங்க வீட்டுக்காரர் விஜயன் ஓட்டுன லோரி ஹைவேயில கவுந்துடுச்சு. இப்ப ஆபரேஷனுக்குக் கொண்டு போறாங்க. சாதா கால் போட்டா உங்களுக்குப் போகவே மாட்டேங்குது. அதான் வாட்ஸ்அப்ல வர்றேன்.”

“அவரு போன்லேர்ந்தே கூப்பிட வேண்டியதுதானே?”

“அது நொறுங்கிப் போச்சுக்கா. மனப்பாடமா உங்க நம்பரைச் சொன்னாரு.”

ராசம்மா விரலை மடக்க ஆரம்பித்தாள். தெரியாத நம்பர், அவசரம், உடைந்த போன். எல்லாமே பாடத்தில் படித்தவை. “அலமாக், அதே கதைதான் லா இவனும் விடுறான்,” என்றாள். பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

“உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணும்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. போனை அவரு வாய்க்கிட்ட வைக்கிறேன், பேசுங்கக்கா.”

ஒரே இரைச்சல். பிறகு ஒரு குரல் விட்டுவிட்டு வந்தது. “தேனு... நான்தான்... இருக்கியா?”

தேன்மொழி லோஷினி பக்கம் திரும்பினாள். “மிஸ், இது அவரு குரலு மிஸ்!”

லோஷினி அவள் காதோரம் குனிந்தாள். “மெஷின்க்கா அது. தோட்டத்து குரூப்ல அண்ணன் தெனமும் வாய்ஸ் மெசேஜ் போடுறாருல்ல? இப்பல்லாம் அது போதும், குரலை அப்படியே செஞ்சிருவாங்க. உபைத் தன் குரலையே மாத்திப் பேசறான் பாருங்க. இளகிடாதீங்க.”

“தேனு... ஏதாச்சும் சொல்லு புள்ள...”

தேன்மொழி இளகவில்லை. உள்ளே என்னவோ ஒன்று அணைந்துபோனது. அதற்கப்புறம் சுலபமாகத்தான் இருந்தது. மனப்பாடம் செய்துவைத்திருந்ததை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள். “என் புருஷன் நல்லாத்தான் இருக்காரு. இன்னொரு தடவை கூப்பிட்டா போலீஸ்ல சொல்லிடுவேன்.”

துண்டித்தாள். சொல்லிக்கொடுத்தபடியே அந்த எண்ணை ப்ளாக்கும் செய்தாள்.

மண்டபம் கைதட்டியது. ராசம்மா ஓடி வந்து கட்டிக்கொண்டாள். “என் ராசாத்தி! அன்னிக்கு எனக்கும் இந்த நெஞ்சழுத்தம் இருந்திருந்தா என் காசு என்கிட்டயே இருந்திருக்குமே!”

தேன்மொழிக்குச் சந்தோஷமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. “பாஸா மிஸ்?” என்று மட்டும் கேட்டாள்.

“பாஸ்க்கா! நாளைக்கே மண்டபத்துச் சாவியை வாங்கிக்குங்க.” லோஷினிக்கு வாயெல்லாம் பல். “உபைத்தான் சொதப்பிட்டான். இவ்வளவு நடிச்சவன் கடைசி வரைக்கும் காசும் கேக்கல, ரகசிய நம்பரும் கேக்கல. மறந்துட்டான் போல.”

‘நான் பாஸ். லோரிக்கு முழுக்கு’ என்று விஜயனுக்கு அனுப்பினாள் தேன்மொழி. ஒற்றை டிக்கோடு நின்றது. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார், பிறகு பார்ப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

லோஷினியின் கைப்பேசி அடித்தது. திரையில் உபைத்தின் பெயர். “தோத்தவன் வர்றான், எல்லாரும் கேளுங்க!” என்று சிரித்துக்கொண்டே ஸ்பீக்கரைத் தட்டினாள்.

“சாரி லா லோஷினி, மீட்டிங் இப்பதான் முடிஞ்சுச்சு. தேன்மொழி அக்காவுக்கு இப்ப கால் பண்ணட்டுமா?”