தென்னங்குழி

கிழக்குப் பக்கச் சுவர்தான் சரிவரவில்லை.

குழியின் மற்ற மூன்று பக்கமும் புத்தகத்தில் கீறி வைத்ததுபோல ஒழுங்காக இருந்தன. மேலே ஓரடிக்குச் சாம்பல் மண். அதன் கீழே வெள்ளை மணல். மூன்றாவது அடியில், விரல் தடிப்பில், ஒரு சிப்பிப் படை. கிழக்கில் மட்டும் அந்தச் சிப்பிகள் மேலும் கீழுமாகச் சிதறிக் கிடந்தன.

கம்சாயினி நாலடி ஆழத்தில் குந்தியிருந்து அதைப் பார்த்தாள். சூழல் விஞ்ஞானம், கடைசி வருடம். ஆய்வுக்காக வேலணைத் தீவில் ஆறு குழி வெட்ட வேண்டும். இது ஆறாவது.

ஒருமுறை வெட்டிய மண் திரும்ப அடுக்காகாது. முதல் வருடத்திலேயே படித்த பாடம். எத்தனை வருடம் போனாலும் மண் காட்டிக் கொடுத்துவிடும்.

"ஆரும் தென்னை வைக்கக் கிடங்கு வெட்டியிருப்பினம்," என்றான் மேலே அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டு நின்ற சுஜிதன். கூடப் படிக்கிறவன். மத்தியானப் பசி வந்துவிட்டால் அவனுக்கு எல்லாமே தென்னங்குழிதான்.

இந்தத் தீவை அவளே கேட்டு வாங்கியிருந்தாள். அம்மாவின் ஊர், காணிக்காரரிடம் அனுமதி எடுப்பது சுகம் என்று விரிவுரையாளருக்குச் சொன்னாள். அம்மாவுக்கும் அதையேதான் சொன்னாள். அம்மா அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு ஒரு பின்னேரம், அம்மாவின் அண்ணன் சாட்டிக் கடற்கரைக்குப் போய்வருகிறேன் என்று சைக்கிளில் வெளிக்கிட்டவர். வரவில்லை. அந்தக் கிழமையே சண்டையால் ஊரும் இடம்பெயர்ந்துவிட்டது.

அன்றுமுதல் அம்மா அண்ணனைப் பற்றி யாரிடமும் கேட்டதில்லை. சைக்கிளைத்தான் கேட்பார்.

"ஆளை ஆரும் பிடிச்சுக்கொண்டு போகலாம். சைக்கிள் எங்கை போகும்? அதிலை ஓடிக்கொண்டு போய் எங்கையோ இருக்கிறார்."

சைக்கிள் அகப்படாதவரைக்கும் மாமா உயிரோடுதான். முப்பத்தைந்து வருடமாக அந்த வீட்டில் அவருக்குத் திவசம் கிடையாது.

ஒவ்வொரு மத்தியானமும் அம்மா போன் எடுத்துச் சாப்பிட்டாயா என்று விசாரிப்பார். வைக்கும்போது, பகிடி போல, "சைக்கிள் ஏதும் கண்டனியே?" என்பார். கம்சாயினியும் பகிடி போலவே இல்லை என்பாள்.

குழந்தைவேலு தேநீர்ப் போத்தலோடு வந்தார். பக்கத்துக் காணிக்காரர், எழுபது தாண்டியவர். மூன்று நாளைக்கு முன் நம்பர் போட்ட கொடிகளையும் மண் சலிக்கும் அரிதட்டையும் கண்டுவிட்டு, யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டவர். அவள் சிரித்துவிட்டாள். பிறகு வெட்கமாகப் போய்விட்டது. இந்த ஊரில் கொடி குத்திக் குழி வெட்டினால் சனம் வேறு எதை நினைக்கும்?

பாவம், இவருக்கும் ஒரு பிள்ளை காணாமல் போயிருக்கும் என்று நினைத்து, தான் பரிமளத்தின் மகள் என்றும் வெறும் மண்ணைத்தான் படிக்க வந்ததாகவும் ஆறுதலாகச் சொன்னாள்.

அடுத்த நாளிலிருந்து தேநீர் வந்தது. கூடவே ஒரே கேள்வி: எவ்வளவு ஆழம்?

இன்றும் கேட்டார். நாலடி என்றாள்.

"நாலடியோடை நிப்பாட்டுவியள்தானே?"

கேட்டபடி மேற்குக் கரையில் வந்து நின்றார். கிழக்குக் கரையில் அவர் ஒருநாளும் நிற்பதில்லை. கண்ணுக்குள் வெயில் குத்துகிறதாக்கும் என்று அவள் நினைத்திருந்தாள்.

சிறுகரண்டியால் கிழக்குச் சுவரின் அடியைச் சுரண்டினாள். வெள்ளை மணலில் செம்மஞ்சளாக ஒரு கறை. தண்ணீர் தேங்கும் மண்ணில் இப்படி வரும். ஆனால் இங்கே ஒன்பதடிக்குக் கீழேதான் தண்ணீர். அப்படியென்றால் இரும்பு. இன்னும் கொஞ்சம் சுரண்டினாள். கறை வட்டமாக வளைந்து போனது.

"ஐயா, இது தென்னைக்கு வெட்டின கிடங்கோ?" சாதாரணமாகத்தான் கேட்டாள்.

குழந்தைவேலு போத்தல் மூடியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மூடி நிரம்பி வழிந்த பிறகும் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"தென்னைக்கு மூண்டடி காணும், பிள்ளை. இது நீட்டுக்கு வெட்டினது. சைக்கிளும் அடங்கோணுமெல்லே."

சுஜிதன் நாடாவை விட்டுவிட்டான்.

மிச்சத்தை அவர் நிலத்தைப் பார்த்தே சொன்னார். மாமா விடியக்காலை றோட்டில் செத்துக் கிடந்தாராம். நாய்க்கு விட மனம் வரவில்லையாம். சைக்கிளை வெளியே விட்டால் தங்களை வந்து கேட்பார்களே என்று, அவரும் தம்பியுமாக இரண்டையும் சேர்த்து இங்கே குழி வெட்டித் தாட்டார்களாம். பிறகு ஒருநாள் சொல்லிவிடுவோம் என்று யாழ்ப்பாணத்தில் பரிமளத்தின் வாசல்வரை போனாராம். உள்ளே பரிமளம், அண்ணை வந்தால் இந்த அறை அவருக்கு என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது கேட்டதாம். படலையைத் திறக்காமல் திரும்பிவிட்டாராம்.

கம்சாயினிக்குக் கோபம் வந்தது. அதைவிடக் கூடப் பயம் வந்தது.

மண்ணை இழுத்து மூடிவிட்டு, 'கிழக்குச் சுவர்: தென்னங்குழி' என்று கொப்பியில் எழுதினால் முடிந்தது. மாமா இன்னும் முப்பது வருடம் உயிரோடு இருப்பார்.

கரையில் வைத்திருந்த போன் அடித்தது.

"சாப்பிட்டியே?" என்றார் அம்மா.

சிப்பித் தூள் ஒட்டிய கையால் போனைப் பிடித்துக்கொண்டு அவள் நிமிர்ந்தாள். குழந்தைவேலு இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, பஸ் எடுத்து ஒருக்கா வேலணைக்கு வாங்கோ."

மறுமுனையில் குசினியில் ஏதோ கொதிக்கும் சத்தம். அடுப்பை அணைக்கும் சத்தம். ஏன் என்று அம்மா கேட்கவில்லை. அண்ணனைப் பற்றியும் கேட்கவில்லை.

"சைக்கிளோ?" என்றார்.