கஷாயப் புருஷன்

மனைவிக்குத் தைராய்டு குறைந்திருக்கிறது என்று தெரிந்ததும், அடுப்படிப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவன் அடுப்படியே கதியென்று ஆகிவிட்டான். காலையில் மூலிகைக் கஷாயம், மதியம் பார்த்துப் பார்த்துச் சமைத்த சாப்பாடு, மாலையில் கைபிடித்து நடை. மாத்திரை மட்டும் ஆகாது, எல்லாம் இயற்கை.

"கட்டினா இப்படி ஒருத்தனைக் கட்டணும்" என்று தெருப் பெண்கள் தங்கள் புருஷன்மாரை இடித்துக் காட்டினார்கள்.

மச்சினிக்குத்தான் பொறுக்கவில்லை. "மாமா, எங்கக்கா வாயைத் திறந்தா ஊரே அடங்கும். இப்ப குரலே கம்மிப்போச்சு. உட்கார்ந்த இடத்துல தூங்குறா. டாக்டர்கிட்ட நீங்க காட்டுறீங்களா, நான் காட்டட்டுமா?"

காட்டினான். டாக்டர் அவளைச் சோதித்து வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அவனிடம் சீட்டை நீட்டினார். "மாத்திரை போட்டா ரெண்டு மாசத்துல பழையபடி ஆயிடுவாங்க."

"பழையபடின்னா?"

"குரல், தெம்பு எல்லாம் வந்துடும்."

"கோபம்?"

"அதுவும்தான்." டாக்டர் சிரித்தார்.

வெளியே வந்ததும் சீட்டைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டான். சுவரில் சாய்ந்து தூங்கியவளை மெல்லத் தட்டி எழுப்பினான்.

"கஷாயமே போதும்னு டாக்டரே சொல்லிட்டார்மா."

அவள் தலையாட்டினாள்.

போன வருஷம் ஒரே ஒரு அறை விட்டதற்காக அவனைப் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் நிறுத்தியவள் அவள். இப்போது தினமும் வாங்குகிறாள். ஏன் அடிக்கிறாய் என்று கேட்கக்கூடத் தெம்பில்லை.