முதல் வரியில் ஒரு பேர்

"எட்டு நாள் கண்ணு வலிக்க உட்கார்ந்து எழுதினது நான். பேரு மட்டும் அவருதா?"

சுகப்பிரியா கேன்டீன் பொங்கலைத் தொடவே இல்லை.

ஒரகடத்தில் டிவி செட்-டாப் பாக்ஸ் செய்கிற கம்பெனி. அவள் டிரெய்னி. அடுத்த வாரம் வேலை நிரந்தரமாகிற கடிதம் வர வேண்டும். போர்டிலிருக்கும் ஒவ்வொரு சிப்பும் மெமரியில் எதுவரைக்கும் போகலாம் என்று எல்லை போடுகிற கான்ஃபிகரேஷன் ஃபைலை எழுதுவது அவள் வேலை. முதல் வரியில் எழுதியவர் பேர் இருக்க வேண்டும். அவளும் தன் பேரைப் போட்டுத்தான் கொடுத்தாள். டீம் லீடர் நம்பிராஜன் அதை அழித்துவிட்டுத் தன் பேரைப் போட்டு அனுப்பிவிட்டார்.

"என் ஃபைல்லயும் அப்டித்தான் செஞ்சாரு," என்றாள் இன்னொரு டிரெய்னி கனிஷ்கா. "மணிகண்டபிரபு ஃபைல மட்டும் தொட மாட்டாரு. அவன் பர்மனென்ட் ஆச்சே!"

அடுத்தவர் உழைப்பில் பேர் வாங்குகிற ஆட்களுக்கு எந்தக் கம்பெனியிலும் பஞ்சமில்லை. சுகப்பிரியா நேராக மேனேஜர் நடேசன் அறைக்குப் போனாள்.

அங்கே நம்பிராஜன் நின்றுகொண்டிருந்தார்.

"சார், ஒரு கம்ப்ளெயின்ட்..."

"இரும்மா. இங்க அதவிடப் பெரிய கம்ப்ளெயின்ட் ஓடிக்கினு இருக்கு." நடேசன் மானிட்டரை நம்பிராஜன் பக்கம் திருப்பினார். "நானூறு பாக்ஸ் டெஸ்ட்ல ஆடாம அசையாம நிக்குது. வீடியோ சிப்பு அறுபத்து நாலு எம்.பி. வரைக்கும்தான் போவும். இந்த ஃபைல்ல நூத்தி இருபத்தெட்டுன்னு போட்டிருக்கு. அது எல்லைய தாண்டிப் போயி மெயின் புரோகிராம் மேலயே எழுதி வச்சிருக்கு. யாருப்பா இத எழுதனது?"

போர்டில் மொத்த மெமரி நூற்று இருபத்தெட்டு. சிப்பும் அவ்வளவு தூரம் போகும் என்று சுகப்பிரியா தானாகவே நினைத்துப் போட்ட எண் அது.

"நாந்தான் சார். மொத வரியிலயே பேரு இருக்கே," என்றார் நம்பிராஜன்.

"ஆறு வருஷ சர்வீஸு, இதுகூடவா தெரியாது? மெமோ வரும். இந்த வருஷம் புரொமோஷன மறந்துடு."

"சரி சார்."

"பழைய ஆளாச்சேன்னு மெமோவோட வுடறேன். ஒரு டிரெய்னி எழுதியிருந்தா, இந்நேரம் ஐ.டி. கார்ட வாங்கிக்கினு கேட்டுக்கு வெளிய அனுப்பியிருப்பேன்."

நம்பிராஜன் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

டிரெய்னிகள் பேர் மட்டும் ஏன் அழிகிறது என்பது சுகப்பிரியாவுக்கு அப்போதுதான் புரிந்தது. வெட்கமாக இருந்தது.

"உன் கம்ப்ளெயின்ட் இன்னாம்மா? சொல்லு."

வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போனால் அடுத்த வாரம் கடிதம் வந்துவிடும். ஆனால், வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த புகாரை அவள் ஓர் எழுத்துகூட மாற்றாமல் சொன்னாள்.

"அந்த ஃபைல எழுதுனது நான் சார். நம்பிராஜன் சார் என் பேர அழிச்சுட்டு, அவர் பேரப் போட்டுக்கிட்டாரு."